மேகத்தில் ஒரு பெட்டகம்

2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 17, 18ஆம் நாள்களில் தீபகற்ப மலேசியாவில் இடைவிடாது மழை கொட்டியது. சிலாங்கூர் மாநிலம் பெரும் பாதிப்புக்குள்ளானது. ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா குடியிருப்புப் பகுதியில் பல வீடுகளின் கீழ்த்தளம் முழுவதும் நீரில் மூழ்கியது. மக்கள் மாடிகளிலும் கூரைகளிலும் ஏறி நின்று உதவிப் படகுகளுக்காகக் காத்திருந்தனர். அந்த வெள்ளப் பருவத்தில் நாடு முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பொருளிழப்பு ஏறத்தாழ 6.1 பில்லியன் ரிங்கிட் என நாட்டின் புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது.

வெள்ளம் வடிந்ததும் மக்கள் வீடு திரும்பிச் சேற்றை அள்ளிக் கொட்டினர். குளிர்பதனப் பெட்டியையும் மெத்தையையும் மீண்டும் வாங்கிக்கொள்ளலாம். பணம் கொடுத்தாலும் வாங்க முடியாத பொருள்களும் உண்டு. தாத்தா பாட்டியின் திருமண நிழற்படம், காலஞ்சென்ற தாயாரின் கையெழுத்துள்ள சமையற்குறிப்பு, பிள்ளை நடை பயின்ற நாளில் எடுத்த காணொளி போன்றவை அவை. நீரில் ஊறிய நிழற்படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தெடுத்தால் முகங்கள் உரிந்துவிடும். சேறு புகுந்த கணினியைப் பழுதுபார்ப்பதும் எளிதன்று.

அத்தகைய வீட்டிலிருந்த கோப்புகளின் படி ஒன்று முன்கூட்டியே வேறோர் இடத்தில் வைக்கப்பட்டிருந்தால் நிலைமை மாறியிருக்கும். கணினி மூழ்கினாலும், துயர்துடைப்பு மையத்தில் அமர்ந்தபடியே இன்னொரு கருவியில் அவற்றைத் திறந்து பார்க்க இயலும். அந்த ‘வேறோர் இடம்’ இன்று மேகச் சேமிப்பகம் என்று அழைக்கப்படுகிறது.

படியெடுக்கும் மரபு

ஒரே ஒரு படியாக இருக்கும் எதற்கும் அழிவு அருகிலேயே இருக்கிறது. தமிழர் இவ்வுண்மையை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். பனையோலைச் சுவடிகளைக் கறையானும் ஈரமும் பூச்சியும் தின்றன. ஆகவே, பழைய ஏடு சிதைவதற்கு முன்பே அதனைப் புதிய ஓலையில் படியெடுத்து வைத்தனர். உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதற்காக அவர் பல இடங்களிலிருந்து சுவடிகளைத் திரட்டி ஒப்புநோக்கினார். ஒரே நூலின் படிகள் வெவ்வேறு ஊர்களில் தங்கியிருந்ததால்தான் அப்பணி கைகூடியது. படியெடுக்கப்படாமல் போன நூல்கள் பல இன்று வெறும் பெயரளவிலேயே எஞ்சியுள்ளன.

கணினி வந்த பிறகும் இத்தேவை நீங்கவில்லை. மூன்றரை அங்குல நெகிழ்வட்டு ஒன்றில் 1.44 மெகாபைட் தரவு மட்டுமே கொள்ளும். இன்றைய திறன்பேசி எடுக்கும் ஒரு நிழற்படம்கூடப் பெரும்பாலும் அதில் அடங்காது. 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் டிரெக் 2000 இன்டர்நேஷனல் நிறுவனம் ‘தம்ப் டிரைவ்’ எனும் கருவியை உலகிற்கு அறிமுகப்படுத்தியது. கட்டைவிரல் அளவே இருந்த அக்கருவியை மலேசியத் தமிழர்கள் ‘விரலி’ என்று அழகாகப் பெயரிட்டு அழைக்கின்றனர்.

விரலி மிகவும் பயனுள்ளதுதான். ஆயினும், அதற்குச் சில குறைகளும் உண்டு. சட்டைப்பையிலேயே சலவைக்குப் போய்விடும். அச்சகக் கணினியில் செருகினால் நச்சுநிரலைத் தொற்றிக்கொண்டு வரும். இவற்றைவிடப் பெரிய தொல்லை வேறொன்று உண்டு. வீட்டுக் கணினியில் ‘கட்டுரை’ என ஒரு கோப்பு இருக்கும். விரலியில் ‘கட்டுரை இறுதி’ என்று ஒன்று இருக்கும். மின்னஞ்சலில் ‘கட்டுரை உண்மையான இறுதி’ என்று மற்றொன்று இருக்கும். எது கடைசியாகத் திருத்தப்பட்டது என்பது எழுதியவருக்கே விளங்காது.

இத்தகைய தொல்லையிலிருந்துதான் புகழ்பெற்ற சேவை ஒன்று பிறந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற டுரூ ஹியூஸ்டன், ஒருமுறை பாஸ்டனிலிருந்து நியூயார்க்கிற்குப் பேருந்தில் புறப்பட்டார். வழியில் வேலை செய்யலாம் என மடிக்கணினியைத் திறந்தபோது, விரலியை வீட்டிலேயே மறந்து வந்தது தெரிந்தது. இனி அப்படி ஒரு நிலை தமக்கு வரக்கூடாது என்று எண்ணி, அப்பயணத்திலேயே அவர் நிரல் எழுதத் தொடங்கினார். 2007ஆம் ஆண்டில் அராஷ் ஃபெர்டௌசியுடன் இணைந்து டிராப்பாக்ஸ் நிறுவனத்தை அமைத்தார். 2008ஆம் ஆண்டில் அச்சேவை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பின்னர், 2011இல் ஆப்பிளின் ஐகிளவுடும் 2012இல் கூகல் டிரைவும் வந்தன.

மேகம் தரையில்தான் இருக்கிறது

‘மேகம்’ என்றதும் கோப்புகள் வானத்தில் மிதப்பதாகச் சிலர் எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. பொறியாளர்கள் கணினி வலையமைப்பை வரைபடமாக வரையும்போது, உள்ளே என்ன நிகழ்கிறது என்று விளக்கத் தேவையில்லாத பகுதியை ஒரு மேகத்தின் வடிவில் வரைந்து காட்டுவது வழக்கம். அந்தப் படமே பின்னர் பெயராயிற்று.

மேகத்தில் வைக்கப்படும் ஒவ்வொரு கோப்பும் உலகின் ஏதோ ஒரு தரவு மையத்தில், ஏதோ ஒரு வட்டில் பதிந்திருக்கிறது. தரவு மையம் என்பது ஆயிரக்கணக்கான கணினிகள் அடுக்கடுக்காக நிறுத்தப்பட்ட பெரிய கட்டடம். அங்கு இரவு பகலாக மின்சாரம் பாய வேண்டும். கணினிகள் வெளியிடும் வெப்பத்தைத் தணிக்கக் குளிரூட்டிகள் ஓய்வின்றி இயங்க வேண்டும். மலேசியாவில் சைபர்ஜெயாவிலும் ஜொகூரின் கூலாய் வட்டாரத்திலும் இத்தகைய மையங்கள் எழுந்துள்ளன.

இவற்றுக்காகும் செலவு சிறிதன்று. 2020ஆம் ஆண்டில் சிங்கப்பூர் பயன்படுத்திய மொத்த மின்சாரத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டைத் தரவு மையங்களே எடுத்துக்கொண்டன. நிலமும் மின்சாரமும் குறைவாக உள்ள அந்நாடு, 2019ஆம் ஆண்டில் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி வழங்குவதை நிறுத்தி வைத்தது. 2022ஆம் ஆண்டில்தான் கடும் நிபந்தனைகளுடன் மீண்டும் அனுமதி வழங்கத் தொடங்கியது. மேகத்தில் சேரும் ஒவ்வொரு மங்கலான நிழற்படத்திற்கும், யாரும் மீண்டும் பார்க்காத ஒவ்வொரு காணொளிக்கும் எங்கோ ஓரிடத்தில் மின்சாரம் செலவாகிக்கொண்டே இருக்கிறது என்பதை இது காட்டுகிறது. தேவையற்றவற்றை அவ்வப்போது நீக்குவது சேமிப்பிடத்தை மட்டுமன்றி ஆற்றலையும் மிச்சப்படுத்தும்.

ஒத்திசைவு நிகழும் விதம்

படிவம் நான்கில் பயிலும் மாணவி ஒருத்தி தன் வட்டாரத்தின் வரலாற்றைப் பற்றி ஆய்வேடு எழுதுவதாகக் கொள்வோம். வீட்டில் மேசைக் கணினியில் எழுதுகிறாள். பேருந்தில் திறன்பேசியில் படித்துத் திருத்துகிறாள். பள்ளிக் கணினிக்கூடத்தில் தொடர்கிறாள். மூன்று கருவிகளிலும் அவளுக்கு ஒரே கோப்பு, அதுவும் கடைசியாகத் திருத்திய நிலையில், கிடைக்கிறது. இதனையே ஒத்திசைவு என்கிறோம். இது நான்கு படிநிலைகளில் நிகழ்கிறது.

முதலாவதாக, கருவியில் நிறுவப்பட்ட செயலி ஒரு குறிப்பிட்ட கோப்புறையைத் தொடர்ந்து கவனித்துக்கொண்டிருக்கிறது. அதிலுள்ள கோப்பு மாறிய உடனே அதனைக் குறித்துக்கொள்கிறது.

இரண்டாவதாக, மாற்றம் எங்கு நிகழ்ந்தது என்று ஆராய்கிறது. எடுத்துக்காட்டாக, டிராப்பாக்ஸ் பெரிய கோப்பை 4 மெகாபைட் அளவுள்ள துண்டுகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு துண்டிற்கும் கணித முறைப்படி ஓர் அடையாள எண்ணைக் கணக்கிடுகிறது. மனிதர்களுக்குக் கைரேகை எப்படியோ, துண்டுகளுக்கு அவ்வெண் அப்படி. ஓர் எழுத்து மாறினாலும் அவ்வெண் முற்றிலும் வேறாகிவிடும்.

மூன்றாவதாக, எண் மாறிய துண்டுகள் மட்டும் மறைகுறியாக்கப்பட்டு இணையத்தின் வழி தரவு மையத்திற்கு அனுப்பப்படுகின்றன. இதனால் நேரமும் இணையத் தரவும் மிச்சமாகின்றன. ஆனால், எல்லாச் சேவைகளும் எல்லாக் கோப்புகளுக்கும் இம்முறையைப் பின்பற்றுவதில்லை. சில வேளைகளில் முழுக் கோப்பும் மீண்டும் அனுப்பப்படும்.

நான்காவதாக, அதே கணக்கில் இணைந்துள்ள மற்றக் கருவிகளுக்குத் தரவு மையம் செய்தி அனுப்புகிறது. அவை புதிய துண்டுகளைப் பெற்றுத் தம்மிடமுள்ள கோப்பைப் புதுப்பித்துக்கொள்கின்றன.

இணையம் இல்லாத இடத்தில் கோப்பைத் திருத்தினால் என்ன ஆகும்? செயலி அம்மாற்றத்தைக் கருவியிலேயே வைத்திருந்து, இணைப்புக் கிடைத்ததும் அனுப்பிவிடும். சிக்கல் எப்போது எழும் என்றால், இரு கருவிகளில் ஒரே கோப்பு, ஒன்று அறியாமல் மற்றொன்றில், திருத்தப்படும்போதுதான். எந்தத் திருத்தம் சரியானது எனக் கணினியால் முடிவு செய்ய இயலாது. எனவே, பல சேவைகள் இரண்டையும் காத்து, ஒன்றை ‘முரண்பட்ட படி’ என்று தனியே பெயரிட்டு வைக்கின்றன. அதனைக் குப்பை என எண்ணி நீக்கிவிடக் கூடாது. இரண்டையும் திறந்து, ஒப்பிட்டு, தேவையானவற்றை ஒன்றாக்க வேண்டியது மனிதரின் பொறுப்பு.

கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. இடத்தை மிச்சப்படுத்த, சில செயலிகள் கோப்பின் பெயரை மட்டுமே கருவியில் காட்டி, கோப்பை மேகத்திலேயே வைத்திருக்கும். பெயர் தெரிகிறதே என்று நம்பி இணையமற்ற இடத்திற்குச் சென்றால் கோப்பு திறக்காது. நாளை மேடையில் படைக்க வேண்டிய படவில்லைகளை, இணைப்பில்லா நேரத்திலும் கிடைக்கும்படி முன்கூட்டியே அமைத்துக்கொள்வது அறிவுடைமை.

பகிர்வதில் பண்பு

மேகச் சேமிப்பகம் ஒருவருடைய கருவிகளை மட்டுமன்றிப் பலருடைய உழைப்பையும் இணைக்கிறது. ஐந்து மாணவர்கள் சேர்ந்து ஓர் இடுபணியைச் செய்கின்றனர் என்றால், முன்பு ஒருவர் எழுதி முடித்து மற்றவருக்கு மின்னஞ்சலிலோ புலனத்திலோ அனுப்ப வேண்டியிருந்தது. ஐந்து பேரிடமும் ஐந்து வெவ்வேறு படிகள் சேர்ந்துவிடும். இப்போது கோப்பை அனுப்பாமல் அது இருக்கும் இடத்தின் இணைப்பை மட்டும் அனுப்பினால் போதும். ஐவரும் ஒரே ஆவணத்தில் ஒரே நேரத்தில் எழுதலாம்.

இணைப்பை வழங்கும்போது, பெறுபவருக்கு எத்தகைய உரிமை வேண்டும் என்பதையும் முடிவு செய்ய வேண்டும். பொதுவாக மூன்று நிலைகள் உள்ளன. பார்வையாளர் படிக்க மட்டும் முடியும். கருத்துரைப்பவர் ஓரத்தில் குறிப்பு எழுதலாம். மூலத்தை மாற்ற இயலாது. திருத்துநர் எதனையும் மாற்றலாம், நீக்கவும் செய்யலாம். பாட ஆசிரியருக்குக் கருத்துரைக்கும் உரிமையும், குழு உறுப்பினர்களுக்குத் திருத்தும் உரிமையும், மற்றவர்களுக்குப் பார்க்கும் உரிமையும் வழங்குவது பொருத்தமாகும்.

‘இணைப்பு உள்ள எவரும்’ என்னும் அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்முன் இருமுறை சிந்திக்க வேண்டும். அவ்விணைப்பு ஒரு புலனக் குழுவிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றுவிட்டால், யாரென்று தெரியாதவரும் கோப்பைத் திறக்கலாம். வகுப்பு மாணவர்களின் பெயர், அடையாள அட்டை எண், தொலைபேசி எண் அடங்கிய பட்டியலை இவ்வாறு பகிர்வது அவர்களுடைய வீட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். பிறருடைய விவரங்களைக் கையாளும் நிறுவனங்களுக்குப் பொறுப்பு உண்டு என்பதை வலியுறுத்தவே மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் நிறுவனங்களை நோக்கியதாயினும், அதன் பின்னுள்ள அறம் அனைவருக்கும் உரியது. இடுபணி முடிந்ததும் தேவையற்ற உரிமைகளை மீட்டுக்கொள்வது நல்ல பழக்கம்.

கூட்டாக எழுதும்போது ஒருவர் எழுதியதை மற்றவர் தெரியாமல் அழித்துவிடுவதும் உண்டு. அப்போது சினம் கொள்ளத் தேவையில்லை. ஆவணத்தின் திருத்த வரலாற்றைத் திறந்தால், யார் எப்போது எதனை மாற்றினார் என்பது தெரியும்; முந்தைய நிலைக்குத் திரும்பவும் முடியும். அதே வரலாறு, ஐவரில் யார் உழைத்தார், யார் பெயரை மட்டும் சேர்த்துக்கொண்டார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடும்.

ஒத்திசைவு வேறு, காப்புப்படி வேறு

மேகத்தைப் பயன்படுத்துவோர் பலரும் ஒரு தவறான நம்பிக்கையைக் கொண்டுள்ளனர். கோப்பு மேகத்தில் இருந்தால் அது ஒருபோதும் அழியாது என்பதே அந்நம்பிக்கை. உண்மையில், ஒத்திசைவு ஒரு கண்ணாடியைப் போன்றது. முன்னால் நிற்பவர் சிரித்தால் கண்ணாடியும் சிரிக்கும்; அவர் விலகிவிட்டால் கண்ணாடியிலும் எதுவும் இராது. திறன்பேசியில் இடம் வேண்டும் என்று ஒத்திசைவில் உள்ள நிழற்படங்களை ஒருவர் நீக்கினால், அவை மேகத்திலிருந்தும் மற்றக் கருவிகளிலிருந்தும் நீங்கிவிடும். கூகல் டிரைவின் குப்பைத்தொட்டியில் அவை 30 நாள்கள் இருக்கும். அதற்குள் மீட்காவிட்டால் நிரந்தரமாக மறைந்துவிடும். கணினியைத் தாக்கிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சுநிரல் புகுந்தாலும், பூட்டப்பட்ட கோப்புகளே மேகத்திற்கும் சென்று சேரும்.

மேகமே எரிந்துபோன நிகழ்வுகளும் உண்டு. 2021ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இருந்த ஓவிஎச் கிளவுட் தரவு மையத்தில் தீப்பற்றியது. பல இணையத்தளங்கள் முடங்கின. வேறிடத்தில் படி வைத்திராத வாடிக்கையாளர்கள் சிலர் தங்கள் தரவுகளை அடியோடு இழந்தனர். 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் தென்கொரியாவின் டேஜான் நகரிலுள்ள அரசாங்கத் தரவு மையத்திலும் தீ மூண்டது. அரசு ஊழியர்கள் தங்கள் பணிக்கோப்புகளைச் சேமித்து வந்த ‘ஜி-டிரைவ்’ சேமிப்பகம் அதில் அழிந்தது. அதன் அளவு 858 டெராபைட். அது மிகப் பெரிதாக இருந்ததால் வேறிடத்தில் காப்புப்படி வைக்கப்படவில்லை. தொழில்நுட்பத்தில் முன்னணியில் உள்ள நாட்டிற்கே நேர்ந்த இழப்பு இது.

இதற்கு மாறாக, ஒரு தனிப்படி பெரும் உழைப்பைக் காத்த நிகழ்வும் உண்டு. 1998ஆம் ஆண்டில் பிக்சார் நிறுவனம் ‘டாய் ஸ்டோரி 2’ எனும் அசைவூட்டப் படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. யாரோ தவறுதலாக இட்ட கட்டளையால் படத்தின் கோப்புகள் வரிசையாக அழியத் தொடங்கின. காப்புப்படியைத் தேடியபோது அதுவும் சரியாக இயங்கவில்லை என்பது தெரிந்தது. அப்போது படத்தின் தொழில்நுட்ப இயக்குநராக இருந்த கேலின் சஸ்மன், கைக்குழந்தையைக் கவனித்தபடியே வீட்டில் வேலை செய்வதற்காகக் கோப்புகளின் படி ஒன்றைத் தம் வீட்டுக் கணினியில் வைத்திருந்தார். அக்கணினியைப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுவந்து, படத்தின் பெரும்பகுதியை மீட்டனர். காப்புப்படி இருக்கிறது என நம்புவது மட்டும் போதாது; அது திறக்கிறதா என்று அவ்வப்போது சோதித்தும் பார்க்க வேண்டும் என்பதே இந்நிகழ்வு தரும் பாடம்.

நிழற்படக் கலைஞர் பீட்டர் குரோக் இதற்கு எளிய விதி ஒன்றைப் பரவலாக்கினார். அது ‘3-2-1 விதி’ எனப்படுகிறது. முக்கியமான கோப்புக்கு மூன்று படிகள் இருக்க வேண்டும். அவை இரண்டு வகை ஊடகங்களில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். கணினியில் ஒன்று, வெளிவட்டில் ஒன்று, மேகத்தில் ஒன்று என அமைத்துக்கொண்டால் இவ்விதி நிறைவேறிவிடும். வெளிவட்டைப் படியெடுத்த பிறகு கணினியிலிருந்து கழற்றி வைக்க வேண்டும். இணைந்தே இருந்தால் கணினிக்கு வரும் கேடு அதற்கும் வரும்.

பூட்டும் சாவியும்

மேகத்தில் உள்ள பெட்டகத்தின் சாவி கடவுச்சொல். பிறந்தநாளையும் பெயரையும் கடவுச்சொல்லாக வைப்பது, சாவியை வாசற்படி மிதியடியின் கீழ் வைப்பதைப் போன்றது. நீளமான கடவுச்சொல்லை ஒவ்வொரு கணக்கிற்கும் தனித்தனியே அமைக்க வேண்டும். அதனுடன் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் இயக்கினால், கடவுச்சொல்லைத் திருடியவரும் உள்ளே நுழைவது கடினம். பள்ளியிலோ நூலகத்திலோ பொதுக் கணினியைப் பயன்படுத்தியபின் கணக்கிலிருந்து வெளியேற மறக்கக் கூடாது.

இங்கே ஒரு நுட்பமான சிக்கலும் உண்டு. சரிபார்ப்பு எண் திறன்பேசிக்குத்தான் வரும். வெள்ளத்தில் அந்தத் திறன்பேசியே போய்விட்டால், உரிமையாளரே தம் பெட்டகத்தின் வெளியே நிற்க நேரிடும். இதற்காகவே பல சேவைகள் மீட்புக் குறியெண்களை முன்கூட்டியே வழங்குகின்றன. அவற்றைத் தாளில் எழுதி, நம்பிக்கைக்குரிய உறவினர் வீட்டில் பாதுகாப்பாக வைப்பது நல்லது. மேகத்தின் சாவியைக் காப்பது சில வேளைகளில் ஒரு துண்டுத் தாள்தான்.

கணக்கு யாருடையது என்பதும் முக்கியம். மலேசியக் கல்வி அமைச்சு 2020ஆம் ஆண்டில் தொடங்கிய டெலிமா தளத்தின்வழி மாணவர்களுக்குக் கற்றலுக்கான கணக்குகள் கிடைக்கின்றன. அத்தகைய பள்ளிக் கணக்குகள் பள்ளி வாழ்க்கைக்கு உரியவை. ஆகவே, பள்ளியை விட்டுச் செல்லும்முன் காக்க வேண்டிய கட்டுரைகளையும் சான்றிதழ்ப் படிகளையும் சொந்தக் கணக்கிற்கு மாற்றிக்கொள்ள வேண்டும். சொந்தக் கணக்கும் கவனிப்பாரின்றிக் கிடக்கக் கூடாது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் கொள்கையைக் கூகல் 2023ஆம் ஆண்டு டிசம்பரிலிருந்து செயல்படுத்தி வருகிறது. இலவச இடமும் அளவற்றதன்று. கூகல் வழங்கும் 15 ஜிகாபைட் இடத்தில் 3 மெகாபைட் அளவுள்ள ஏறத்தாழ ஐயாயிரம் நிழற்படங்களை வைக்கலாம். அதே இடத்தை மின்னஞ்சலும் பங்கிட்டுக்கொள்ளும்.

தமிழ் எழுத்தும் உடன் செல்கிறது

ஒரு காலத்தில் தமிழ்க் கோப்பை மற்றொரு கணினிக்கு அனுப்பினால் கோப்பு போய்ச் சேரும். எழுத்து போய்ச் சேராது. ஒவ்வொரு தமிழ்ச் செயலியும் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தன. அதே எழுத்துரு இல்லாத கணினியில் கட்டுரை முழுவதும் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் உருவாக்கிய முரசு அஞ்சல் உள்ளிட்ட முயற்சிகளால் கணினியில் தமிழ் வளர்ந்தது. உலக மொழிகளுக்குப் பொதுவான ஒருங்குறி, 1991ஆம் ஆண்டில் வெளியான தன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடமளித்தது. கருவிகள் பலவும் ஒருங்குறியை ஏற்ற பின்னரே, கோலாலம்பூரில் தட்டச்சிட்ட கட்டுரையை ஈப்போவிலோ சிங்கப்பூரிலோ எந்தத் திறன்பேசியிலும் தமிழாகவே படிக்க முடிகிறது. பழைய குறியீட்டில் உள்ள கோப்புகள் வீட்டில் இருந்தால், அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிய பிறகு மேகத்தில் சேர்ப்பது சிறந்தது. இல்லையேல், கோப்பு பத்திரமாக இருந்தும் படிக்க ஆளில்லாத சுவடியாகிவிடும்.

வெள்ளம் வருமுன்

ஒவ்வொரு குடும்பத்திலும் தகரப் பெட்டியிலோ அலமாரியின் மேல்தட்டிலோ பழைய நிழற்படங்கள் சில இருக்கும். தோட்டப்புற லயத்தின் முன் நிற்கும் தாத்தா, கோயில் திருவிழாவில் எடுத்த கருப்பு வெள்ளைப் படம், பள்ளிப் பரிசளிப்பு விழாவில் சிரிக்கும் அம்மா என அவற்றில் ஒரு குடும்பத்தின் வரலாறே அடங்கியிருக்கும். அவற்றைத் திறன்பேசியால் தெளிவாகப் படமெடுத்து மேகத்தில் சேர்ப்பதற்கு ஒரு விடுமுறை நாள் போதும். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதைப் பாட்டியிடம் கேட்டுக் கோப்பின் பெயராக எழுதி வைக்க வேண்டும். முகங்களைக் கருவி காத்துவிடும். பெயர்களைச் சொல்ல மனிதர்தாம் வேண்டும்.

பிறப்புச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ் போன்றவற்றையும் இவ்வாறே படமெடுத்து வைக்கலாம். ஆனால், படம் மூலத்திற்கு ஈடாகாது. மூலத்தை நீர்புகா உறையில் இட்டு உயரமான இடத்தில் வைக்க வேண்டும். மூலம் தொலைந்தால், மாற்று ஆவணத்திற்கு விண்ணப்பிக்கும்போது தேவைப்படும் எண்களையும் நாள்களையும் அறிய அந்தப் படம் கைகொடுக்கும்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது முன்னோர் வாக்கு. ஆண்டின் இறுதியில் பருவமழை மீண்டும் வரும். மழையை யாராலும் தடுக்க முடியாது. ஆனால், அதன் பிறகும் தாத்தாவின் முகம் பேரப்பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டுமா என்பதை, மழை வருவதற்கு முந்தைய ஒரு விடுமுறை நாளில் வீட்டிலுள்ளவர்கள் முடிவு செய்துகொள்ளலாம்.